மெயில் எங்கேயும் போகவில்லை

“மெயில் எல்லாம் போச்சு சார். ஓஎஸ் புதுசா போட்டாத்தான் சரியாகும்.” ஓசூர் சிப்காட்டிலோ சிட்கோ தொழிற்பேட்டையிலோ சின்னப் பட்டறை வைத்திருக்கும் எவரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார். லேத்தில் ஸ்பிண்டில் சத்தம் சற்று மாறினாலே பேரிங்கா, பெல்ட்டா, ஆயில் குறைவா என்று அரை நாள் நோண்டிப் பார்ப்பவர் அவர். கம்ப்யூட்டர் என்றதும் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிவிடுகிறார். பத்தாண்டுப் பர்ச்சேஸ் ஆர்டர், டிராயிங், டெலிவரி பற்றிய கடிதப் போக்குவரத்து எல்லாம் அரை மணி நேரத்தில் துடைக்கப்படுகிறது. மெயிலை அழித்தது கோளாறு இல்லை, கோளாறுக்குச் செய்த வைத்தியம்தான்.

இருபது ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று போகாத ஷெட் குறைவு. போன இடமெல்லாம் ஒரே எண்ணம் வேரோடியிருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டு வைக்கிற அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மெயில் புரோகிராம்கள் நம்பத்தகாதவை. புரோகிராம் கெட்டால் உள்ளே இருந்த மெயிலும் கெட்டதுதான். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டால் எதுவும் என்றைக்கும் போகாது. முதலாளி சொல்கிறார், கணக்கு எழுதுபவர் சொல்கிறார், சர்வீஸுக்கு வரும் தம்பியும் சொல்கிறார். இந்த மூன்று நம்பிக்கைகளில் முதல் இரண்டும் தவறு. மூன்றாவது தவறு மட்டுமில்லை, சிறு தொழில் செய்பவருக்கு ஆபத்தும்கூட.

2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சிப்காட் இரண்டாம் பேஸ் பக்கம் ஒரு சிஎன்சி பட்டறை. நான்கு மெஷின், பதினோரு பேர். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு பற்றி எரிந்தது. செப்டம்பர் 12 அன்று அங்கே தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. மாநில எல்லையில் ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. கர்நாடகத்தில் இருந்த ஒரு வாடிக்கை நிறுவனம் இந்தப் பட்டறைக்கு மெயில் போட்டது: எல்லை நிலவரம் சரியாகும்வரை சரக்கு அனுப்ப வேண்டாம், நாங்களே சொல்கிறோம். பட்டறையும் அப்படியே நிறுத்தி வைத்தது. நான்கு மாதம் கழித்து அதே நிறுவனத்திலிருந்து டெபிட் நோட் வந்தது. காரணம், சரக்கு தாமதம்.

பழைய மெயிலை எடுத்துக் காட்டினால் முடிந்தது என்று ஓனர் தண்டர்பேர்டைத் திறந்தார். இன்பாக்ஸ் வெறுமையாக இருந்தது. முந்தின நாள் மாலை மின்சாரம் பட்டென்று போனது, யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது, கம்ப்யூட்டர் அப்படியே அணைந்திருந்தது. நான் வேறு வேலையாக உள்ளே நுழையும்போது, விண்டோஸ் இன்ஸ்டலேஷன் இருந்த பென்டிரைவை ஒரு தம்பி சொருகிக்கொண்டிருந்தார். ஓனர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். “ரெண்டு நிமிஷம் பொறு தம்பி” என்று கேட்டுக்கொண்டு, தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்தேன். விண்டோஸில் ஆப்டேட்டா என்ற மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டருக்குள்ளே, பொருளற்ற எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயரில் அது இருக்கும். உள்ளே ‘இன்பாக்ஸ்’ என்று ஒரு ஃபைல் இருந்தது. பெயருக்குப் பின்னால் புள்ளி இல்லை, எந்த வால் எழுத்தும் இல்லை. அளவு 2.7 ஜிபி. பக்கத்திலேயே அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் இன்னொரு ஃபைல், ஒன்றிரண்டு கேபி மட்டும்.

ஓனரைக் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினேன். காலிப் பெட்டி 2.7 ஜிபி கனக்குமா?

அந்தப் பெரிய ஃபைல்தான் மெயில். அதற்கு எம்பாக்ஸ் என்று பெயர், யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பழைய முறை. வந்த கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி வைத்த நீளச் சுருள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கடிதமும் ‘ஃப்ரம்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் ஒரு வரியோடு ஆரம்பிக்கும். ஃபைல் சிறியதாக இருந்தால் நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். அட்டாச்மென்ட்கூட எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டு அதற்குள்ளேயே கிடக்கும். பக்கத்தில் இருந்த குட்டி ஃபைல் அட்டவணை மட்டும்தான். எந்தக் கடிதம் எந்த இடத்தில் தொடங்குகிறது, படித்ததா, படிக்காததா என்ற விவரம் அதில் இருக்கும். திரையில் நாம் பார்க்கும் பட்டியல் அந்த அட்டவணையிலிருந்து வருகிறது. மின்சாரம் போன நொடியில் கெட்டது அட்டவணை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அட்டவணைப் புத்தகத்தின் பக்கம் கிழிந்தால் நிலம் காணாமல் போய்விடுமா?

முதலில் அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். பிறகு தண்டர்பேர்டை மூடி, எம்எஸ்எஃப் ஃபைலை மட்டும் அழித்துவிட்டு, மறுபடி திறந்தோம். புரோகிராம் பெரிய ஃபைலை மேலிருந்து கீழ்வரை படித்துப் புது அட்டவணை எழுதத் தொடங்கியது. ஏழெட்டு நிமிடம் ஆனது. பட்டியல் நிரம்ப நிரம்ப ஓனர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டே வந்தார். செப்டம்பர் 13 தேதியிட்ட அந்த மெயில் கிடைத்தது. மொத்தம் நான்கு வரி. டெபிட் நோட் திரும்பப் பெறப்பட்டது.

இந்த வேலையில் வித்தை எதுவும் இல்லை. ஃபோல்டர் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘ரிப்பேர் ஃபோல்டர்’ பட்டனை அழுத்தினாலும் இதே காரியம்தான் நடக்கும். பட்டன் புரோகிராமுக்குள்ளேயே இருக்கிறது. பென்டிரைவ் மட்டும் இரண்டு நிமிடம் முந்தியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் பளிச்சென்று புதிதாகியிருக்கும், பட்டறை டெபிட் நோட் தொகையை இழந்திருக்கும், ‘தண்டர்பேர்ட் சரியில்லை’ என்ற தீர்ப்பும் ஊருக்குள் இன்னொருமுறை உறுதியாகியிருக்கும். நம்மூர் அனுபவம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இப்படித்தான் சேர்ந்தது.

மெயில் போய்விட்டது என்று முடிவு கட்டப்பட்ட மற்ற சமயங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். 2019-இல் தண்டர்பேர்ட் 68 வந்தபோது, ஒவ்வொரு இன்ஸ்டலேஷனுக்கும் தனிப் புரொஃபைல் என்ற ஏற்பாட்டுக்கு அது மாறியது. பழையதற்குப் பக்கத்தில் வேறு ஃபோல்டரில் புதியதை நிறுவியவர்களுக்குத் திறந்ததும் ‘புதுக் கணக்கு தொடங்கவும்’ என்ற வெற்றுத் திரை வந்தது. பழைய புரொஃபைல் தன் இடத்தில் அப்படியே இருந்தது. புரொஃபைல் மேனேஜரில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள்? விண்டோஸ் சிலசமயம் தற்காலிகப் புரொஃபைலில் திறந்துகொள்ளும். அப்போது டெஸ்க்டாப்பும் மெயிலும் சேர்ந்து மறைந்ததுபோல் தெரியும், உண்மையில் இரண்டும் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். ஆன்டிவைரஸ் செய்யும் வேலை இன்னும் மோசம். ஐயாயிரம் மெயிலில் ஒன்றில் வைரஸ் இருந்தாலும், எம்பாக்ஸ் ஒரே ஃபைல் என்பதால் மொத்த இன்பாக்ஸையும் தூக்கிக் குவாரன்டைனில் அடைத்துவிடும். அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம். குவாரன்டைனைத் திறந்து பார்க்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அவுட்லுக்கின் கதை வேறு. மெயிலைச் சேமிக்கும் அதன் பிஎஸ்டி ஃபைல் 2002 பதிப்புவரை 2 ஜிபிக்கு மேல் தாங்காது. டிராயிங் அனுப்பி வாங்கும் ஊரில் அந்த அளவு சீக்கிரமே நிரம்பும், நிரம்பியதும் ஃபைல் திறக்காது. 2003 பதிப்பில் வந்த புதிய வடிவத்தில் அந்தத் தடை விலகியது. பழைய வடிவத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்களிடம் இதைச் சொல்ல ஆள் இல்லை. கெட்ட பிஎஸ்டியைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்டே ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்ற கருவியை அவுட்லுக்கோடு சேர்த்தே தருகிறது. நிறுவிய ஃபோல்டருக்குள் ஓசையில்லாமல் கிடக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இதைவிட வேதனை. நூறு முறை மூடித் திறந்தால் ‘கம்பாக்ட் செய்யவா’, அதாவது அழித்த மெயிலின் இடத்தை வெட்டிச் சுருக்கவா என்று கேட்கும். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பாக்ட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் மெயில் இருக்கும் டிபிஎக்ஸ் ஃபைல் காலி. ஆனால் கம்பாக்ட் தொடங்குமுன் அந்தப் புரோகிராம் ஒரு பிரதியை எடுத்து ரீசைக்கிள் பின்னில் போட்டு வைத்திருக்கும். மெயில் குப்பைத் தொட்டியில் பத்திரமாக இருந்தது. சர்வீஸுக்கு வந்தவர் செய்த முதல் காரியம், ‘ஸ்பீடு வரும்’ என்று ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ததுதான்.

அழித்த மெயிலைக்கூட மீட்கலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தண்டர்பேர்டில் ஒரு மெயிலை அழித்தால், இன்பாக்ஸ் ஃபைலில் அதன் தலைப்பு வரிகளில் ஒரு எண் மாறுகிறது, அவ்வளவுதான். ‘எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்’ என்ற வரியில் 0001 என்று இருந்தது 0009 ஆகும். அந்த 8 கூடினால் ‘இதைக் காட்டாதே’ என்று அர்த்தம். கடிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபைலின் பிரதி ஒன்றை எடுத்து, எண்ணைத் திருத்தி, அட்டவணையைப் புதுப்பித்தால் திரும்பி வந்து நிற்கும். கம்பாக்ட் செய்த பிறகுதான் உண்மையிலேயே வெட்டி எறியப்படுகிறது. புரோகிராம் தானாகவும் இடையிடையே கம்பாக்ட் செய்யும் என்பதால், தவறி அழித்த உடனே புரோகிராமை மூடிவிட்டு ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட வேண்டும். நேரம் கடந்தால் நான் சொல்லும் எதுவும் உதவாது.

உண்மையிலேயே போகும் சமயங்களும் உண்டு. ஹார்ட் டிஸ்க் செத்தால் போகும். ரான்சம்வேர் புகுந்தால் போகும். 2017 மே மாதம் வானாக்ரை வந்தபோது உலகம் முழுக்க மருத்துவமனைகளும் ஆலைகளும் முடங்கின. எஸ்எஸ்டி டிஸ்க்கில் அழித்ததை மீட்பது பழைய டிஸ்க்போல் எளிதல்ல, காலியான இடத்தை அது தானே துடைத்துவிடும். எதிர்த்தரப்பின் வாதத்தில் வலுவான பகுதி இதுதான், இதை நான் மறுக்கவில்லை. ஒரே கம்ப்யூட்டரில், ஒரே டிஸ்க்கில், ஒரே பிரதியாக இருக்கும் மெயில் என்றைக்காவது ஒருநாள் போகும். அதற்கு மருந்து இரண்டாவது பிரதி. இருக்கிற ஒரே பிரதியையும் கையைவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடுவது எப்படி மருந்தாகும்?

ஃபார்மட் செய்யும் தம்பிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ முடித்துவிட்டு, ஒரு அழைப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள். மத்திகிரியில் ஒன்று, பாகலூர் ரோட்டில் ஒன்று என்று ஒரு நாளில் ஐந்தாறு இடத்தை முடித்தாக வேண்டும். ஃபோல்டரைத் திறந்து உட்கார்ந்து யோசிக்கும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. ஓஎஸ் போட்டால் பில் போடலாம். கூலி முறை அப்படி இருக்கும்போது வேலையும் அப்படித்தான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வியை முதலாளிதான் கேட்க வேண்டும்.

இனி ‘பிரவுசரில் வைத்தால் போகாது’ என்பதற்கு வருவோம்.

2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயிலில் ஒரு சம்பவம் நடந்தது. சேமிப்புக்கான மென்பொருளைப் புதுப்பிக்கும்போது ஏற்பட்ட பிழையால் சில பயனர்களின் பெட்டி மொத்தமும் காலியானது. பல டேட்டா சென்டர்களில் பல பிரதிகள் இருந்தும் அந்தப் பிழை எல்லாப் பிரதிகளையும் பாதித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 0.02 சதவீதம் பேர் என்று கூகுள் சொன்னது. ஜிமெயிலின் அளவுக்கு அது பல்லாயிரம் மனிதர்கள். மீட்டது எதிலிருந்து தெரியுமா? டேப். இணையத்தோடு இணைக்காமல் தனியாக எடுத்து வைத்திருந்த காந்த நாடா. உலகத்தின் மிகப் பெரிய மெயில் நிறுவனங்களில் ஒன்றே கடைசியில் நம்பியது தனியாக எடுத்து வைத்த ஒரு பிரதியைத்தான். நம் பட்டறையில் அதுபோல ஒன்று வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

இது அபூர்வ நிகழ்வு என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். அன்றாடம் நடப்பதைப் பார்க்கலாம். ஜிமெயிலில் அழித்தது 30 நாள் டிராஷில் இருக்கும், பிறகு இல்லை. இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கிவிட்டது. ஆஃபீஸிலும் போனிலும் ஒரே கணக்கு ஐமேப் முறையில் இணைந்திருந்தால், பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அழித்த மெயில் ஆஃபீஸ் கம்ப்யூட்டரிலும் மறையும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிவதைப் பார்த்து ‘நாலு இடத்தில் பேக்கப் இருக்கிறது’ என்று நினைக்கிறோம். நான்கு ஜன்னலில் ஒரே அறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதைவிட நான் அதிகம் பார்த்த இழப்பு ஒன்று உண்டு, அதற்கும் டெக்னாலஜிக்கும் சம்பந்தமே இல்லை. பட்டறை தொடங்கும்போது கம்பெனிப் பெயரில் ஜிமெயில் கணக்கை ஆரம்பித்தது பர்ச்சேஸ் பார்த்த பையன், கொடுத்தது தன் போன் நம்பர். ஆறு ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டு மறந்துபோனால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அந்த நம்பரையும் அவர் விட்டிருந்தால் கதவு மூடியதுதான், தட்டிக் கேட்க ஓர் அலுவலகம்கூட இந்த ஊரில் இல்லை. சொந்த டொமைன் வைத்தவர்களுக்கு வேறு மாதிரி. மலிவு ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்க மறந்தால் சர்வரில் இருந்த மெயிலுக்குச் சில வாரம்தான் ஆயுள். அப்படி மறந்துபோன இரண்டு பட்டறைகளை எனக்குத் தெரியும். ஒன்றில் மெயிலை பாப் முறையில் அவுட்லுக்கில் இறக்கி வைத்திருந்தார்கள், பழைய கடிதம் முழுவதும் கையில் இருந்தது. இன்னொன்றில் ‘எல்லாம் நெட்டில் இருக்கு’ என்று விட்டிருந்தார்கள். ஒரு கடிதம்கூட மிஞ்சவில்லை.

2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்து மெயில் இறக்கும் பழைய முறையை கூகுள் நிறுத்தியது. மறுநாளிலிருந்து ‘அவுட்லுக் வேலை செய்யவில்லை’ என்று எனக்கு வரிசையாகப் போன். அறிவிப்பு வெகு முன்பே வந்திருந்தது. பழைய அவுட்லுக்காக இருந்தால் கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்று உருவாக்கிப் போட வேண்டும். தண்டர்பேர்டில் ‘ஓஆத்2’ என்ற முறைக்கு மாற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. பூட்டை மாற்றியது கூகுள், பழி விழுந்தது புரோகிராம்மேல். அந்த வாரமே கம்ப்யூட்டரிலிருந்து அவுட்லுக்கை எடுத்துவிட்டு பிரவுசருக்கு மாறியவர்கள், பழைய பிஎஸ்டி எங்கே இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டார்கள்.

வாட்ஸ்அப் போதும் என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேக்கப் இல்லாமல் போன் மாறினால், மறையும் மெசேஜ் என்று எதிராளி ஒரு பட்டனை அழுத்தியிருந்தால், அதற்குப் பிறகு உங்களிடம் என்ன இருக்கும்?

மெயிலுக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. வேறு ஊரில் ஒருவேளை தேவையில்லாமல் இருக்கலாம். ஓசூரில் தேவை. இங்கே கர்நாடகத்தின் பொம்மசந்திராவிலிருந்து ஜாப் வொர்க்குக்கு ஒரு பெட்டி காஸ்டிங் வந்தால், வண்டி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். சட்டத்தின் பார்வையில் அது மாநிலம் விட்டு மாநிலம் வந்த சரக்கு. மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜாப் வொர்க்குக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும். ஓராண்டுக்குள் சரக்கு திரும்பிப் போயாக வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி. எப்போது வந்தது, எத்தனை ரிஜெக்ட், எது திரும்பிப் போனது என்பதற்கு சலானோடு மெயிலும்தான் சாட்சி. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவு கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. ஆறு ஆண்டு. நம் பட்டறைகளில் ஆறு ஆண்டு ஃபார்மட் ஆகாத கம்ப்யூட்டர் எத்தனை?

பணம் நிலுவையில் நிற்கும்போது மெயிலின் தேதி இன்னும் பெரிதாகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கு வாங்கிய நிறுவனம் 15 நாளுக்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபணை தெரிவிக்காவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. ‘தரம் சரியில்லை என்று அப்போதே சொன்னோமே’ என்று வாங்கியவர் சொல்லும்போது, எந்த நாளில் சொன்னீர்கள் என்று கேட்க நம் கையில் மெயில் இருக்க வேண்டும். பதினாறாவது நாள் வந்த மெயிலுக்கும் பதினான்காவது நாள் வந்த மெயிலுக்கும் உள்ள வித்தியாசம் லட்சங்களில் போகும்.

மெயில் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற சந்தேகத்துக்கு உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியிலேயே விடை சொல்லிவிட்டது. டிரைமெக்ஸ் இன்டர்நேஷனலுக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையே பாக்சைட் சப்ளை தொடர்பான வழக்கு. கையெழுத்திட்ட முறையான ஒப்பந்தம் கிடையாது. மெயில் மூலம் விலை சொல்லி, மெயில் மூலம் ஏற்றுக்கொண்டார்கள். அதுவே ஒப்பந்தம்தான் என்று தீர்ப்பு வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு மின்னணு ஆவணத்தோடு சான்றிதழும், அந்த ஃபைலின் ‘ஹேஷ்’ எண்ணும் கேட்கிறது. ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை, ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். கைரேகை எடுக்க ஃபைல் வேண்டும். மெயிலின் தலைப்பில் எந்தெந்த சர்வர் வழியாக, எந்த நேரத்தில் வந்தது என்ற தடம் முழுக்க இருக்கிறது. கம்ப்யூட்டரில் இறக்கி வைத்த மெயிலில் அந்தத் தடம் அப்படியே பதிந்திருக்கும். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அது எங்கே இருக்கிறது?

அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் வந்த காலத்திலிருந்து இந்த ஊரின் சின்னப் பட்டறைகள் பெரிய ஆலைகளின் வாசலில் நின்றுதான் வளர்ந்தன. இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர், திம்ஜேப்பள்ளிப் பக்கம் போன் பாகங்கள் என்று புது வாசல்கள் திறக்கின்றன. பெரிய ஆலையில் ஐடி பிரிவு இருக்கிறது, ஆவணக் காப்புக்குத் தனி சர்வர் இருக்கிறது, சட்டப் பிரிவு இருக்கிறது. ஒரே மெயிலின் இரண்டு முனைகளில் ஒரு முனை அங்கே பத்திரமாக இருக்கும். பட்டறையின் முனை ஃபார்மட் ஆகிவிட்டால், நடந்தது என்ன என்பதை அவர்கள் மட்டுமே சொல்ல முடியும். நான் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மறுப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மெயிலை கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். பாப் முறையானால் சர்வரில் ஒரு பிரதியைக் கொஞ்ச நாள் விட்டு வைக்கும் வசதியை இயக்குங்கள். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் புரோகிராமை மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டரையோ பிஎஸ்டியையோ வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். டிஸ்க் இரண்டு வைத்து மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். இரண்டு மூன்று கார்பைடு டூல் உடைந்தால் போகும் காசுதான் ஒரு டிஸ்க். டொமைனும் மெயில் கணக்கும் கம்பெனியின் பெயரிலும் உங்கள் போன் நம்பரிலும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய மெயிலைத் தனி ஃபோல்டராகப் பிரித்துவிட்டால் இன்பாக்ஸ் வீங்காது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 31-ஓடு விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. ஓசூர் பட்டறைகளில் கம்ப்யூட்டர்கள் கூட்டமாக மாறும் காலம் இது. புதிய மெஷின் மேஜைக்கு வருகிறது, பழையது எக்ஸ்சேஞ்சிலோ பழைய இரும்புக் கடைக்கோ போகிறது. டேலி டேட்டாவை மறக்காமல் மாற்றிவிடுகிறார்கள், டிராயிங் ஃபோல்டரை மாற்றிவிடுகிறார்கள். மறைந்து கிடக்கும் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் மெயிலை யாரும் தேடுவதில்லை. ஃபார்மட் செய்யாமல் விண்டோஸை மேலேயே போட்டிருந்தால் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் பழையவை இருக்கும், பத்து நாள் வரைதான்.

ஆகவே பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இன்பாக்ஸ் காலியாகத் திறந்தாலும் சரி, பழைய கம்ப்யூட்டரை எடுத்துப்போக ஆள் வந்தாலும் சரி, வேலையைத் தொடங்கவிடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, அந்த மெயில் ஃபைல் எத்தனை ஜிபி இருக்குன்னு காட்டுப்பா.”